நள்ளிரவில் பெருவிரல் வீங்கினால் செய்ய வேண்டியவை

பூம்பாறையில் பூண்டு மூட்டை ஏற்றி வடுகபட்டிச் சந்தையில் இறக்கும் லாரியை இருபத்தாறு வருடம் ஓட்டியவன் நான். மலைச்சாலையில் இறங்கும்போது உயிர் இருப்பதே வலது காலில்தான். அந்தக் காலின் பெருவிரல்தான் ஒரு மார்கழி இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பியது. கம்பளியின் ஓரம் உரசியதற்கே அலறிவிட்டேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் விரலின் அடிமூட்டு செக்கச்செவேலென்று வீங்கி, எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. படுக்கப் போகும்போது ஒன்றுமே இல்லை.

எங்கோ இடித்திருப்பேன் என்று எண்ணி, விடிந்ததும் தைலம் தேய்த்து நீவச் சொன்னேன். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். கவுட் என்கிற இந்த நோயில் யூரிக் அமிலம் ஊசி ஊசியான படிகங்களாக மூட்டுக்குள் படிந்திருக்கிறது. நீவினால் வலிதான் கூடும். காலை இரண்டு தலையணைமேல் தூக்கி வையுங்கள். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி இருபது நிமிடம் வைத்து எடுங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வைக்கலாம். மார்கழியில் கொடைக்கானல் பக்கம் ஐஸ் கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை. (குளிர்ந்த விரலில் படிகம் எளிதாகச் சேரும் என்பதால், மற்ற நாட்களில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன்.) போர்வை படாமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்: காலியான பிளம்ஸ் பெட்டியின் ஒரு பக்கப் பலகையைக் கழற்றி, பாதத்தின் மேல் கூடாரம்போலக் கவிழ்த்து, அதன் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டேன். அன்று தூங்கியது அதனால்தான்.

காய்ச்சலோ நடுக்கமோ சேர்ந்திருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இப்படித்தான் சிவக்கும். அதைத் தாமதித்தால் மூட்டே அரித்துப்போகும்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஒரு நாளுக்குள் மருத்துவரிடம் போய்விடுங்கள். மருந்து சீக்கிரம் தொடங்கினால் வலி சீக்கிரம் அடங்கும். வீக்கம் குறைக்கும் மாத்திரை, கோல்சிசின், ஸ்டீராய்டு என்று மூன்று வழிகள் உண்டு. சிறுநீரகம், வயிற்றுப்புண், சர்க்கரை இவற்றைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்வார். நீங்கள் விழுங்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். இரத்த அழுத்தத்துக்காக நான் சாப்பிட்டுவந்த, சிறுநீரைக் கூட்டும் மாத்திரையே யூரிக் அமிலத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. மருத்துவர் அதை மாற்றித் தந்தார். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கோல்சிசின் நம் மலையடிவாரத்துச் சரக்கு. ஒட்டன்சத்திரம் பக்கம் செங்காந்தளைப் பந்தலில் படரவிட்டு வளர்க்கிறார்கள். அந்த விதையிலிருந்து எடுப்பதுதான் இது. பூ நம் மாநில மலர். கிழங்கு கொடிய விஷம். அரைத்துக் குடிக்கச் சொல்கிறவரை வீட்டுப் பக்கமே விடாதீர்கள். மாத்திரையிலும் அளவு மீறக் கூடாது. வயிற்றுப்போக்கு கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

இனி நான் ஏமாந்த இடம். வலியோடு போய் எடுத்த இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 100 மில்லி இரத்தத்துக்கு 6.1 மில்லிகிராம் என்று வந்தது. கவுட் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு இறங்கிக் காட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது 9.2. சந்தேகமிருந்தால் மூட்டு நீரை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் படிகத்தைத் தேடுவதே உறுதியான சோதனை.

வலி மாத்திரை வேறு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வேறு. எனக்கு அலோபியூரினாலை 100 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். இரத்தத்தில் 6.8-ஐத் தாண்டினால் படிகம் உருவாகும் என்பதால் இலக்கு 6-க்குக் கீழே. பழைய படிகம் கரையும் முதல் சில மாதங்களில் வலி மறுபடி வரலாம்; அதற்காகக் குறைந்த அளவில் கோல்சிசினும் கூடவே தருவார்கள். நான் வலி போய்விட்டது என்று இரண்டையும் விட்டேன். பெருமாள்மலை இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது விரலில் வலி பிடித்துக்கொண்டது. கிளீனர் பையன் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். அதன் பிறகு ஒரு நாளும் விட்டதில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அலோபியூரினால் தொடங்கியபின் தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டில் ஈரல், குடல், நெத்திலிக் கருவாடு, பீர், சர்க்கரைக் குளிர்பானம் இவற்றைக் குறையுங்கள். பருப்பு, கீரை, பட்டாணியை விட வேண்டியதில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு ஆறு மாதம் பருப்பில்லாத ரசம் குடித்தேன், வீண். பத்தியத்தால் மட்டும் இரத்தத்தில் யூரிக் அமிலம் இறங்குவது பெரும்பாலும் 100 மில்லிக்கு 1 மில்லிகிராம் அளவுதான். பூண்டு விற்றுப் பிழைத்தவன் சொல்கிறேன், பூண்டை நம்பி மாத்திரையை விடாதீர்கள்.

எல்லா வீக்கமும் கவுட் ஆகாது. என் மனைவியின் முழங்கால் ஒரே நாளில் பூசணிபோல் வீங்கியது. நீர் எடுத்துப் பார்த்ததில் அது கால்சியம் பைரோபாஸ்பேட் படிகம். வயதானவர்களின் முழங்காலிலும் மணிக்கட்டிலும் வருவது. அலோபியூரினால் அதற்கு உதவாது. மச்சினனுக்குக் குதிகால் வலி: காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும், நடக்க நடக்கக் குறையும். அது பாதத்தின் அடித்தசைநார் பிரச்சினை. கட்டிலை விட்டு இறங்கும் முன் துண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை நீட்டியபடி அரை நிமிடம் தன் பக்கம் இழுக்கச் சொன்னார்கள். அவன் கேட்டது என் மாத்திரையை. கொடுக்கவில்லை, துண்டை மட்டும் கொடுத்தேன்.