காரைக்குடி வெயிலில் புகைந்த எபாக்ஸி

காஷ்மீரில் பனி கொட்டும் குல்மார்க்குக்குப் போகும் தம்பி மகனுக்காக வீட்டுப் பின்கட்டிலேயே ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகை செய்ய இறங்கினேன். "வறுபடுற ஊர்ல பனிக்குப் பலகையா?" என்றார் அப்பத்தா.

மரவேலை சிக்கலில்லை. பர்மாத் தேக்கு கிடந்தது. ஆனால் கனம், எண்ணெய்ப் பதம் வேறு, பசை சரியாகப் பிடிக்காது. மலைவேம்பையே நடுவில் 11 மி.மீ., நுனிகளில் 2 மி.மீ. என்று இழைத்தேன்.

சறுக்கியது பசையில்தான். சித்திரை மாத மதியம், பிசினும் இறுக்கியும் சேர்த்தால் கெட்டியாகிற எபாக்ஸிப் பசையை, 400 கிராம், ஒரே குவளையில் கலக்கினேன். மரத்தோடு ஒட்டவேண்டிய கண்ணாடியிழைத் துணியில் பாதி தடவுவதற்குள் குவளை புகைந்து, இளகி, மீதி கல்லாகிவிட்டது. எபாக்ஸி இறுகும்போது தானே சூடு கிளப்பும். ஆழமான குவளையில் அந்தச் சூட்டுக்குப் போக்கிடமில்லை. சூடு ஏற ஏற இன்னும் வேகமாக இறுகும்.

இறுக்கியைக் குறைத்து ஊற்றலாமா என்று சபலம் வந்தது. கூடாது, பிசுபிசுப்பு கடைசிவரை போகாது. மெதுவாக இறுகும் வகையை வாங்கினேன். விடிகாலை நான்கு மணிக்கு, ஜில்லென்ற ஆத்தங்குடிக் கல் தரையில், நூறு நூறு கிராமாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் ஊற்றித் தடவினேன். அச்சில் வைத்து ஒரு நாள் முழுக்க இறுக்கிவிட்டேன்.

இப்போது இரண்டையும் அடியோடு அடி சேர்த்தால் நடுவில் இடைவெளி தெரிகிறது. அந்த வளைவுதான் வேண்டும். இரும்பு விளிம்பில் மட்டும் ஓரிடம் இன்னும் துருத்திக்கொண்டிருக்கிறது, அரம் போட வேண்டும்.