தண்ணீர் பாட்டிலோடு ஒரு பஸ் பயணம்: வேகம், திசைவேகம், முடுக்கம்

"வேகமாப் போ" என்கிறோம். "வண்டி வேகம் எடுத்துடுச்சு" என்கிறோம். "என்ன வேகத்துல வளைக்கிறான் பாரு" என்றும் திட்டுகிறோம். பேச்சில் ஒரே சொல் எல்லா வேலையையும் பார்த்துவிடுகிறது. இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால்தான் அது மூன்றாகப் பிரிகிறது. இலங்கைப் பாடநூல் கையில் கிடைத்தால் குழப்பம் இரட்டிப்பு: நாம் வேகம் என்பது அங்கே கதி, நம் திசைவேகம்தான் அங்கே வேகம், முடுக்கத்துக்கு ஆர்முடுகல் என்று பெயர். இந்தப் பதிவில் தமிழ்நாட்டுச் சொற்களே வரும்.

தேவையானவை: மூடியுள்ள, வரி வரியாகப் பள்ளம் இல்லாத ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பஸ் டிக்கெட்.

படி 1: பாட்டிலைத் தயார் செய்யுங்கள்

கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, சின்னக் காற்றுக் குமிழி ஒன்று மட்டும் இருக்கும்படி மூடுங்கள். படுக்கவைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். இப்போதைக்குப் பைக்குள் இருக்கட்டும்.

படி 2: வேகமும் திசைவேகமும்

சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை ஏறக்குறைய 495 கி.மீ. ஏழரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் சராசரி வேகம் 495 ÷ 7.5, அதாவது மணிக்கு 66 கி.மீ. எந்தப் பக்கம் போனோம் என்ற கேள்வியே இதில் இல்லை.

திசைவேகத்துக்குப் பாதையின் வளைவு நெளிவு முக்கியமில்லை. கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்கோடு போட்டால் சுமார் 420 கி.மீ., தென்மேற்காக. இதுதான் இடப்பெயர்ச்சி. 420 ÷ 7.5 = 56. ஆக, சராசரி திசைவேகம் மணிக்கு 56 கி.மீ., தென்மேற்கு. திசையை எழுதாமல் விட்டால் விடை பாதிதான்.

மதுரைக்குப் போய் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு அதே எழும்பூரில் வந்து இறங்கினால்? இடப்பெயர்ச்சி பூஜ்யம், மொத்தப் பயணத்தின் சராசரி திசைவேகமும் பூஜ்யம். டிக்கெட் காசு மட்டும் பூஜ்யமாகாது.

படி 3: பஸ் கிளம்பும்போது குமிழியைப் பாருங்கள்

இப்போது பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். பாட்டிலை மடியில், பஸ் போகும் திசையில் நீளவாக்கில் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மேம்பாலம் இல்லாத சமதளச் சாலையாக இருப்பது நல்லது.

பஸ் கிளம்புகிறது. நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள். குமிழியோ முன்னால் ஓடுகிறது! தண்ணீர் கனமானது, உங்களைப் போலவே பின்தங்குகிறது. லேசான குமிழி முன்பக்கம் தள்ளப்படுகிறது. திசைவேகம் ஒரு வினாடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முடுக்கம். முடுக்கம் எந்தப் பக்கமோ குமிழி அந்தப் பக்கம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு வருவோம். நின்ற பஸ் 8 வினாடியில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 36-ஐ 5/18-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 10 மீட்டர். முடுக்கம் = 10 ÷ 8 = 1.25 மீ/வி². அந்த 'வினாடி ஸ்கொயர்' பலரை மிரட்டும். அதில் ஒன்றுமில்லை: முதல் வினாடி முடிவில் 1.25 மீ/வி, இரண்டாவதில் 2.5, மூன்றாவதில் 3.75. ஒவ்வொரு வினாடியும் 1.25 மீ/வி கூடிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான்.

நேரான சாலையில் ஒரே சீராக 60-ல் ஓடும்போது குமிழி நடுவில் அசையாமல் நிற்கும். வேகம் இருக்கிறது, முடுக்கம் இல்லை.

படி 4: பிரேக்கும் ரிவர்ஸும்

10 மீ/வி வேகத்தில் போகும் பஸ் 4 வினாடியில் நின்றால் முடுக்கம் −2.5 மீ/வி². குமிழி பின்னால் ஓடும். டிப்போவில் பஸ் ரிவர்ஸில் வேகம் பிடிக்கும்போதும் குமிழி பின்னால்தான் ஓடும். இரண்டுமே பின்பக்க முடுக்கம், இரண்டுக்கும் மைனஸ். ஆனால் முதலாவதில் வேகம் குறைகிறது, இரண்டாவதில் கூடுகிறது. "மைனஸ் வந்தால் வேகம் குறைகிறது" என்று மனப்பாடம் செய்தவர்கள் சறுக்குவது இங்கேதான்.

படி 5: ரவுண்டானா

எனக்குப் பிடித்த இடம் இதுதான். பாட்டிலைக் குறுக்குவாட்டில் திருப்பிவையுங்கள். பஸ் ரவுண்டானாவைச் சுற்றும்போது ஸ்பீடோமீட்டர் முள் 18-லேயே நிற்கிறது என்று கொள்வோம். குமிழி வலப்பக்கம், அதாவது வட்டத்தின் மையத்தை நோக்கி நகரும். வேகம் மாறவில்லை, திசை மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே திசைவேகம் மாறுகிறது, ஆகவே முடுக்கம் உண்டு. அளவு: வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும். 18 கி.மீ. என்பது 5 மீ/வி. ஆரம் 20 மீட்டர் என்றால் 25 ÷ 20 = 1.25 மீ/வி². பஸ் கிளம்பியபோது கிடைத்த அதே அளவு! முள்ளுக்கு இது தெரியாது, கம்பியைப் பிடித்து நிற்பவருக்குத் தெரியும்.

படி 6: பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு பந்து

பந்தை 9.8 மீ/வி வேகத்தில் நேர்மேலே எறிந்தால், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், சரியாக ஒரு வினாடியில் உச்சியைத் தொடும். அந்தக் கணத்தில் திசைவேகம் பூஜ்யம். முடுக்கம்? பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அரை வினாடியில் +4.9, ஒரு வினாடியில் 0, ஒன்றரை வினாடியில் −4.9, மாற்றம் எங்கும் நிற்கவில்லை. முடுக்கம் உச்சியிலும் கீழ்நோக்கி 9.8 மீ/வி²தான். அங்கே அதுவும் பூஜ்யமாகியிருந்தால் பந்து அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.