ஒரே கேபினட்டில் விண்டோஸும் லினக்ஸும்: கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

போன வருடம் ஒரு ராத்திரி என் கணினியில் லினக்ஸ் பக்கம் வைஃபை காணாமல் போனது. மெதுவாகவில்லை, விட்டுவிட்டும் வரவில்லை, அப்படி ஒரு கார்டே போர்டில் கிடையாது என்பது போல மெனுவிலிருந்தே மறைந்துவிட்டது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், பழைய கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) போய்ப் பார்த்தேன், விடிய விடிய எதையெதையோ தட்டினேன். கடைசியில் பொறுமை போய், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வயரைப் பிடுங்கி, கேபினட்டைத் திறந்து, கடுகளவு ஸ்க்ரூவைத் தேடிப் பிடித்துக் கழற்றி, கார்டை எடுத்துத் திரும்பச் செருகினேன். வைஃபை வந்துவிட்டது! லூஸ் கான்டாக்ட்தான், வேறென்ன என்று தூங்கப் போய்விட்டேன். மறுநாள் விண்டோஸில் கொஞ்ச நேரம் வேலை பார்த்து அணைத்துவிட்டு லினக்ஸுக்கு வந்தால், மறுபடியும் காணோம்.

கழற்றி மாட்டியதற்கும் வைஃபை வந்ததற்கும் சம்பந்தமே இல்லை. கழற்றுவதற்காகக் கரண்டைத் துண்டித்தேன் பாருங்கள், சரியானது அதனால். விண்டோஸ் முழுசாக அணையாமல் கார்டை அரைத் தூக்கத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தது, லினக்ஸ் டிரைவரால் அதை எழுப்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் வழக்கம் இது: எதையும் சரி செய்யக் கிளம்புவதற்கு முன்னால், கோளாறு எந்தப் பக்கம் என்று பார்ப்பது. ஒரே இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க வழி குறைவு. நம்மிடம் ஒரே இரும்பின் மேல் இரண்டு இருக்கிறது, ஒன்று சொல்வதை இன்னொன்றிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கின்றன.

படி 1: கை வைப்பதற்கு முன்

கடைசியாக என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். புது ராம் போட்டீர்களா, விண்டோஸ் அப்டேட் ஆனதா, கர்னல் மாறியதா, பயாஸில் (கணினி எழும்போதே நுழையக்கூடிய போர்டின் அமைப்புத் திரை) எதையாவது தட்டினீர்களா? பாதிக் கோளாறுகள் இந்தத் தாளிலேயே மாட்டிக்கொள்ளும்.

விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் ரெக்கவரி கீயை வேறு இடத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை (கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஏற விடும் காவல்) தொட்டாலோ பயாஸையே அப்டேட் செய்தாலோ, அடுத்த முறை அந்த 48 இலக்கக் கீயைக் கேட்டு விண்டோஸ் வாசலில் நிறுத்திவிடும்.

இன்னொன்று, லினக்ஸ் கட்டளைகளை இங்கே உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அதே எழுத்துகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

படி 2: இரண்டிலும் வருகிறதா?

விண்டோஸில் வரும் கோளாறு லினக்ஸிலும் வந்தால் வன்பொருளையோ பயாஸையோ சந்தேகப்படுங்கள். ஒன்றில் மட்டும் வந்தால், அந்தப் பக்கத்து டிரைவரோ அமைப்போ. முடிவாகவில்லை என்றால் ஒரு யுஎஸ்பியில் லைவ் லினக்ஸை (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) ஏற்றி அதில் பூட் செய்து பாருங்கள். அதில் வைஃபையும் சத்தமும் ஒழுங்காக வந்தால், கார்டு நன்றாக இருக்கிறது, உங்கள் நிறுவலில்தான் ஏதோ கோளாறு.

இதில் ஏமாறுகிற இடங்கள் இரண்டு. ஒன்று நான் ஏமாந்தது, ஒரு பக்கம் செய்த வேலையால் மறுபக்கம் அடிபடுவது. இரண்டாவது, சுமை. விண்டோஸில் விளையாடும்போது மட்டும் கணினி அணைந்துபோகிறது, லினக்ஸில் நாள் முழுக்க ஓடுகிறது, அதனால் விண்டோஸ்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். லினக்ஸில் நீங்கள் பிரவுசர் மட்டும்தானே திறக்கிறீர்கள்? அங்கேயும் கிராபிக்ஸ் கார்டுக்கு அதே அளவு வேலை கொடுத்துப் பார்த்தால்தான் அது நியாயமான ஒப்பீடு. அங்கேயும் அணைந்தால் சூட்டையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ சந்தேகப்படுங்கள்.

படி 3: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள்

கோளாறு எதுவாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே போங்கள். விண்டோஸ் 8-இலிருந்து வரும் வசதி இது. ஷட் டவுன் கொடுத்தால் கர்னலையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது, அடுத்த முறை அங்கிருந்து எழுகிறது. சீக்கிரம் பூட் ஆகும், சரி. ஆனால் விண்டோஸ் பார்ட்டிஷன் பாதி திறந்த நிலையில் நிற்பதால் லினக்ஸ் அதில் எழுத மறுத்து, படிக்க மட்டும் திறக்கும், சில சமயம் அதுவும் இல்லை. நெட்வொர்க் கார்டுகள் என் கார்டு மாதிரி மயங்கிக் கிடக்கும்.

கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அதில் இடப்பக்கம் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற வரி. உள்ளே போனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக் மங்கலாக இருக்கும், மேலே தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்ற பொருளில் ஒரு நீல வரி இருக்கிறதே, அதை அழுத்தினால் டிக்கை எடுக்கலாம். ஒரு வேடிக்கை, ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுசாகவே அணைந்து எழும், ஷட் டவுனில்தான் இந்த அரைத் தூக்கம். அதனால் ரீஸ்டார்ட் வழியாக லினக்ஸுக்கு வந்தால் கோளாறு இல்லை, ஷட் டவுன் வழியாக வந்தால் இருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

அணைத்த பிறகு ஒரு தடவை எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் சுவிட்சையும் அணைத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்சக் கரண்டை வடித்துவிடுங்கள்.

படி 4: இரண்டிலும் வந்தால், கேபினட்டைத் திறங்கள்

திரையே வரவில்லை என்றால் முதலில் மானிட்டர் கேபிள் எதில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், கிராபிக்ஸ் கார்டு இருந்தும் போர்டின் துளையில் செருகுவது அடிக்கடி நடக்கிறது. இன்டெல் ப்ராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது, போர்டின் துளையில் படம் வரவே வராது.

இப்போதைய போர்டுகள் பலவற்றில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கும்: ப்ராசசர், ராம், கிராபிக்ஸ், பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். ப்ராசசர் விளக்கு நின்றால் போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் வயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள், கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வயரும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதை இதில் மாட்டக்கூடாது. ராம் விளக்கு என்றால் குச்சிகளைக் கழற்றி, கிளிக் என்று கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் இரண்டு குச்சிகளை ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4 ஆகிய ஸ்லாட்டுகளில் போட வேண்டும். டிடிஆர்5 ராம் முதல் முறை பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து நடுவில் அணைக்காதீர்கள்.

மாட்டிக் கழற்றும் வயர் கொண்ட எஸ்எம்பிஎஸ் என்றால், வேறு மாடலின் வயரை இதில் ஒருபோதும் போடாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும், டிஸ்க் புகைந்துவிடும்.

திரை வருகிறது, ஆனால் இரண்டிலும் எப்போதாவது உறைகிறது, காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் ராமைத்தான் நான் முதலில் பிடிப்பேன். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று ஒன்று இருக்கும், ராமை அதன் டப்பாவில் போட்டிருக்கும் வேகத்துக்கு ஏற்றுவது அது. அதை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. நிற்கவில்லை என்றால் மெம்டெஸ்ட்86+ ஐ யுஎஸ்பியில் ஏற்றி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். என் பழைய கணினியில் முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை, நிறுத்திவிடலாம் என்று கை போனது, காலையில் பார்த்தால் திரையில் பாதி சிவப்பு வரிகள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது தோல்விதான், கொஞ்சம்தானே என்று விடாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு குச்சியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டு ஓட்டினால் கெட்ட குச்சி எது என்று தெரிந்துவிடும். எல்லாக் குச்சியும் அந்த ஸ்லாட்டில் மட்டும் தோற்றால் ஸ்லாட்டே கெட்டது.

புதிதாக எம்.2 டிஸ்க் (போர்டிலேயே நேராகச் செருகுவது) போட்ட அன்றிலிருந்து பழைய சாட்டா டிஸ்க் (வயரில் இணைப்பது) தெரியவில்லையா? டிஸ்க் சாகவில்லை. பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா துளைகளும் ஒரே பாதையைப் பங்கு போடுகின்றன, போர்டின் கையேட்டில் எந்தத் துளை அணையும் என்று போட்டிருக்கும். வயரை வேறு துளைக்கு மாற்றுங்கள்.

படி 5: விண்டோஸில் மட்டும் என்றால்

டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணத்தைத் தேடுங்கள். இரண்டு முறை தட்டினால் ஒரு எண் காட்டும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. 43 என்றால் சாதனமே எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறது, லினக்ஸிலும் அதற்குத் தகராறு என்றால் கார்டைச் சந்தேகப்படுங்கள்.

பெயர் தெரியாத சாதனம் என்று நின்றால் டீடெய்ல்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான வரியில் வென் என்பதை அடுத்து வரும் நான்கு எழுத்துதான் தயாரிப்பாளர். 8086 என்றால் இன்டெல், 1978-இல் வந்த தங்கள் சிப்பின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 10டிஇ என்றால் என்விடியா, 1002 ஏஎம்டி கிராபிக்ஸ், 10இசி ரியல்டெக். டிரைவரைப் போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ சிப் தயாரிப்பாளரிடமிருந்தோ எடுங்கள், டிரைவரைத் தானாகத் தேடித் தருகிறேன் என்று வரும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். புதிதாக நிறுவிய விண்டோஸில் நெட்வொர்க் டிரைவரே இல்லை என்றால், போனை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும்.

திடீரென்று அணைந்த கணினியில் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கர்னல் பவர் 41 என்று இருக்கும். அதைக் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒழுங்காக அணையவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அதன் பக்கத்தில் வியா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் பதிவு இருந்தால் மட்டும் கவனியுங்கள், அது வன்பொருள் பிழை.

படி 6: லினக்ஸில் மட்டும் என்றால்

எல்எஸ்பிசிஐ என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, ஒரு கோடும் கே எழுத்தும் சேர்த்து எண்டர் அழுத்துங்கள். ஒவ்வொரு சாதனத்தின் கீழும் இப்போது எந்த டிரைவர் இயங்குகிறது என்ற வரி வரும். சாதனம் பட்டியலிலேயே இல்லை என்றால் படி 3-க்கோ 4-க்கோ திரும்புங்கள். சாதனம் இருக்கிறது, டிரைவர் வரி மட்டும் இல்லை என்றால் உங்கள் வேலை இங்கேதான். சூடோ டிமெசெக் (sudo dmesg) தட்டி வருவதில் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு மென்பொருள்) என்ற சொல்லைத் தேடுங்கள். ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்று வந்தால் ஃபர்ம்வேர் தொகுப்பையும் கர்னலையும் புதுப்பியுங்கள், போன மாதம் சந்தைக்கு வந்த வைஃபை சிப்பை இரண்டு வருடப் பழைய கர்னலுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

என்விடியா கார்டு என்றால் செக்யூர் பூட்டில்தான் பலர் விழுகிறார்கள். டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், ரீபூட் ஆனதும் நீலத் திரை ஒன்று வந்து பத்து விநாடி எண்ணும். அந்தப் பத்து விநாடிக்குள் ஒரு கீயைத் தட்டி, என்ரோல் மோக் (Enroll MOK, டிரைவரின் கையொப்பத்தை ஏற்கச் சொல்வது) என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். டீ எடுக்கப் போயிருந்தால் திரை தானாகக் கடந்துவிடும், டிரைவர் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் ஏறாது. மறுபடி நிறுவினால் மறுபடி கேட்கும்.

கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு கறுப்புத் திரை என்றால் க்ரப் மெனுவில் (எந்த இயங்குதளம் என்று தொடக்கத்தில் கேட்கும் மெனு) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலில் நுழையுங்கள். அதில் ஓடினால் வன்பொருளில் குறையில்லை, பெரும்பாலும் புதுக் கர்னலுக்கு டிரைவர் கட்டப்படவில்லை என்று பொருள்.

லினக்ஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி (டிஸ்க்குகளை இன்டெல் தன் வழியில் கையாளும் முறை) இயங்குகிறதா என்று பாருங்கள். வழக்கமான முறையான ஏஎச்சிஐ-க்கு மாற்ற வேண்டும், ஆனால் நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். முதலில் எம்எஸ்கான்ஃபிக் போய் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாற்றி, விண்டோஸ் சேஃப் மோடில் ஒரு முறை எழுந்த பிறகு அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

லினக்ஸில் சத்தம் இல்லை: ஒலி அமைப்பில் மானிட்டரின் எச்டிஎம்ஐ தேர்வாகியிருக்கும், ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு க்ரப் வரவில்லை: பெரும்பாலும் பயாஸின் பூட் வரிசை மாறியிருக்கும், லினக்ஸை மேலே ஏற்றினால் போதும்.

கடிகாரம் மணிக்கணக்கில் முன்னே பின்னே போகிறது என்றால் பழுதில்லை. போர்டின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று படிக்கிறது, லினக்ஸ் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கிறது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல், இடைவெளி, செட் லோக்கல் ஆர்டிசி என்ற மூன்றையும் கோடு போட்டு இணைத்து, இடைவெளி விட்டு 1 என்று கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் தேதியே பல வருடம் பின்னால் போனால் அது போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனது. அதை மாற்றும்போது பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும், அதனால் தேதி தவிர மற்றது சரியாக இருக்கும்போதே பயாஸின் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் ஏஎச்சிஐ பழையபடி ஆர்எஸ்டி ஆகி, விண்டோஸ் நீலத் திரையோடு நிற்க, 3 வோல்ட் பேட்டரி மாற்றப் போனவர் டிஸ்க் போய்விட்டது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்.