தம்பி இருக்கும் ஹோமைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் குளியலறைக்குப் போங்கள்

என் தம்பிக்கு வயது 41. அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பும் உண்டு. அம்மா படுத்த படுக்கையான வருஷம் அவனை ஒரு ஹோமில் சேர்த்தோம். பெரிய கட்டடமெல்லாம் இல்லை. ஒரு வாடகை வீடு, எட்டுப் பேர், ஒத்தாசைக்கு ஆட்கள். ஆரம்பத்தில் நான் போனால் ஆபீஸ் அறையில் உட்கார வைப்பார்கள். ஒரு சாயா வரும். தம்பிக்குத் தலை சீவி பவுடர் போட்டுக் கூட்டி வருவார்கள். ‘நல்லா இருக்கான் அக்கா’ என்பார்கள். நானும் மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். இரண்டு வருஷம் நான் பார்த்ததெல்லாம் அந்த ஆபீஸ் அறையை மட்டும்தான்.

இப்போது எங்கள் பெற்றோர் கூட்டத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு, ஒரு ஹோமை எப்படிப் பார்ப்பது என்று நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இங்கிலாந்தில் இப்படிப்பட்டவர்கள் தங்கும் பல வீடுகளுக்கு வாடகை ஒப்பந்தம் தனி, பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு ஒப்பந்தம் தனி. கவனிப்பு சரியில்லை என்றால் ஆட்களை மாற்றலாம், வீடு கையை விட்டுப் போகாது. நமக்கு இரண்டும் ஒரே கையில். அதனால்தான் ‘அப்போ பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறோம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. தனியாகப் போகாமல், அங்கே பிள்ளை இருக்கும் இன்னொரு குடும்பத்தில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

படி 1: நாள் பார்த்துப் போங்கள்

கிறிஸ்துமஸ், ஓணம், ஆண்டு விழா, யாராவது பிறந்தநாள் சாப்பாடு போடும் நாள் எதுவும் வேண்டாம். அன்றைக்கு எல்லா ஹோமும் நல்ல ஹோம்தான். செவ்வாய், புதன் என்று ஒரு சாதாரண நாளில், சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. துணி காயாத அந்த நாட்களில்தான் ஒரு இடத்தின் லட்சணம் தெரியும். ஈரத் துணியையே போட்டுவிட்டிருந்தால் தொடை இடுக்கில் படை இருக்கும், கால் விரலிடையில் சேற்றுப்புண் இருக்கும்.

பிறந்தநாள் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. கேக்கும் பிரியாணியும் கொண்டு வருகிறவர்கள் மனசில் குறை இல்லை. ஆனால் மாதத்தில் எத்தனை நாள் இவர்களை வரிசையில் நிறுத்திக் கைதட்டிப் பாட வைக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் வீட்டில் யார் சாப்பிடும் முன் பாட்டுப் பாடிக் காட்டுகிறோம்?

படி 2: காகிதம்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 50-ஆவது பிரிவுப்படி, பதிவு இல்லாமல் இப்படி ஓர் இடத்தை நடத்தக் கூடாது. சான்றிதழில் காலாவதித் தேதியைப் பாருங்கள். தீயணைப்புத் துறைச் சான்றையும் கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அது மனநோயாளிகளை வைத்திருந்த இடம். ஆனாலும் நமக்கான கேள்வி அதிலேயே இருக்கிறது: ராத்திரி எந்தக் கதவைப் பூட்டுகிறார்கள், சாவி யாரிடம், அந்த ஆள் எங்கே தூங்குகிறார்?

காகிதத்துக்கு இவ்வளவு நேரம் போதும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்தில் விண்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை, இதே குறைபாடு உள்ளவர்களுக்கு. பதிவும் இருந்தது, அரசு ஆய்வும் இருந்தது. 2011-இல் பிபிசி ஒளித்து வைத்த கேமராவில்தான் அடியும் உதையும் வெளியே வந்தன. ஊழியர்கள் 11 பேர் குற்றவாளிகள் ஆனார்கள்.

படி 3: குளியலறை

பல் துலக்கும் பிரஷ்களை எண்ணுங்கள். எட்டுப் பேருக்கு எட்டு இருக்க வேண்டும், எது யாருடையது என்று அடையாளம் இருக்க வேண்டும். நான் முதன்முதலில் எட்டிப் பார்த்தபோது ஒரு பிளாஸ்டிக் மக்கில் ஐந்து பிரஷ் இருந்தது, மூன்றுக்கு நார் சப்பையாகக் கிடந்தது. துண்டு இரண்டு. கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள் கழற்றப்பட்டிருந்தது. வலிப்பு வருகிறவர்கள் இருக்கும் இடத்தில் அதற்குக் காரணம் உண்டு, ஆனால் ஒரு திரைகூட இல்லாததற்குக் காரணம் இல்லை. வெளியே வந்தால், போன கிறிஸ்துமஸுக்கு நான் தம்பிக்கு எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை வேறொருவர் மேல் நடந்து போகிறது.

படி 4: மருந்துப் பதிவேடு, கையில் எண்ணிப் பாருங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். பதிவேட்டை மட்டும் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். மாத்திரையை எண்ண வேண்டும். தம்பிக்கு வலிப்பு மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று. 1-ஆம் தேதி 60 வாங்கியிருக்கிறது. நான் போனது 12-ஆம் தேதி சாயங்காலம். பதினொரு நாளுக்கு 22, அன்று காலை 1, ஆக 23 போயிருக்க வேண்டும், 37 மிச்சம் இருக்க வேண்டும். இருந்தது நாலு முழு ஸ்ட்ரிப்பும் ஒன்றில் ஐந்தும். 45. எட்டு வேளை மருந்து உள்ளே போகவில்லை, டிக் மட்டும் போயிருக்கிறது, அதுவும் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். வலிப்பு மாத்திரை விட்டுப் போனால் வலிப்பு திரும்பும், சில சமயம் நிற்காமல் வரும்.

அடுத்து, ஆளை மந்தமாக்கும் மாத்திரைகள். ரிஸ்பெரிடோன் போன்றவை இருந்தால் எந்த டாக்டர், எதற்காக, கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். ‘சத்தம் போடுவான், அதான்’ என்பது நோயின் பெயர் இல்லை.

ராத்திரி இருக்கும் ஆளிடம், ‘வலிப்பு வந்தா என்ன செய்வீங்க?’ என்று கேளுங்கள். இரும்பு, சாவிக்கொத்து என்று பதில் வந்தால் அங்கேயே சொல்லிக் கொடுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணி பாருங்கள், 5 நிமிஷம் தாண்டினால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

படி 5: ‘குணம்’ என்று சொல்வதை நம்பாதீர்கள்

பேச வராதவர் தலையில் அடித்துக்கொண்டால் ‘அவன் குணமே அப்படித்தான்’ என்பார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், சொத்தைப் பல்லாக இருக்கலாம். கடைசியாக வெளிக்குப் போனது எப்போது என்று கேளுங்கள். மலச்சிக்கல் சாதாரண விஷயம் மாதிரித் தெரியும். இவர்களுக்கு அது கவனிக்காமல் விட்டால் குடலடைப்பு வரை போய் உயிரை எடுக்கும். மாதா மாதம் எடை எழுதுகிறார்களா என்றும் பாருங்கள்.

தம்பியின் பதிவேட்டில் ஒரே வாரத்தில் நாலு இடத்தில் ‘முரண்டு. டம்ளரைத் தட்டிவிட்டான்’ என்று எழுதியிருந்தது. நாலும் சாயங்காலம் நாலு மணி. நாலு மணிக்கு எல்லாருக்கும் பால் சாயா. அவன் பிறந்ததிலிருந்து குடிப்பது கட்டன் சாயா, பால் விடாத சாயா! அதை யாரும் கேட்கவில்லை, அவனுக்குச் சொல்லவும் வராது. நான் சொன்ன பிறகு கட்டன் வந்தது. சமையல்கார அக்கா மட்டும், ‘ஒராளுக்குன்னு தனியா அடுப்பு பத்த வைக்கணும்’ என்று முணுமுணுத்தார். அடுத்த மாதம் பதிவேட்டில் நாலு மணிக்கு நேரே எதுவும் இல்லை.

படி 6: அவர்களிடமே கேளுங்கள், ஆனால் இப்படி

நான் பல மாதம் தப்பாகச் செய்தது இதைத்தான். ‘மக்கா, சாப்பாடு நல்லா இருக்கா?’ ‘ஆமா.’ ‘சாப்பாடு மோசமா?’ ‘ஆமா.’ இதே ஆமாவை வாங்கித்தான் நிறையப் பேர் ஆய்வு அறிக்கை எழுதுகிறார்கள். ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்வியே வேண்டாம். ‘மரச்சீனியா (மரவள்ளிக்கிழங்கு), சோறா?’ என்று கேளுங்கள், கொஞ்சம் கழித்து ‘சோறா, மரச்சீனியா?’ என்று மாற்றிக் கேளுங்கள். இரண்டு தடவையும் கடைசி வார்த்தையையே திருப்பிச் சொன்னால் அது பதில் இல்லை. செல்போனில் படம் காட்டிக் கேட்டால் இன்னும் தெளிவாக வரும்.

இதைவிட நல்ல வழி, ‘உன் கட்டில் எது, காட்டு’ என்று சொல்லி அவர் பின்னால் போவது. அறை வாசலில் தட்டிவிட்டு, அவர் தலையாட்டிய பிறகு உள்ளே போங்கள். அது அவருடைய அறை. அலமாரியை அவர் தானே திறக்கிறாரா, வார்டன் முகத்தைப் பார்க்கிறாரா? அடுக்களைக்குள் சகஜமாகப் போகிறாரா, வாசலிலேயே நின்றுவிடுகிறாரா? யாராவது ஊழியர் கிட்டே வரும்போது தோள் குறுகுகிறதா? நான் ஒரு இடத்தில் அரைமணி நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். டிவி எந்தச் சேனல் என்பதைக்கூட ஊழியர்தான் முடிவு செய்தார். எட்டுப் பேர் அவர் பார்த்த சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படி 7: பணம்

அரசு தரும் மாதப் பராமரிப்புத் தொகை யார் கணக்கில் வருகிறது, ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து காட்டச் சொல்லுங்கள். 18 வயது தாண்டியவருக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் பாதுகாவலரை நியமிக்கிறது. அந்தப் பாதுகாவலர் வருஷா வருஷம் நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தாரா என்று கேட்கலாம். சொந்தக்காரராகவே இருந்தாலும் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் அதைக் கேட்டு ஒரு மாமாவின் பேச்சுவார்த்தை நின்றது.

படி 8: எழுதுங்கள்

வெளியே வந்ததும், பஸ் வரும் முன் எழுதிவிடுங்கள். ‘சுத்தம் போதாது’ என்று எழுதாதீர்கள். ‘பிரஷ் 5, ஆள் 8’ என்று எழுதுங்கள். நல்லதையும் எழுதுங்கள். அங்கே ஒரு பெண், ஊழியர்தான், என் தம்பிக்கு நகம் வெட்டிவிடும்போது ஒவ்வொரு விரலுக்கும் அவனிடம் கேட்டுக் கேட்டு வெட்டினார். அதையும் தேதியோடு எழுதினேன். ஒரு பிரதி ஹோம் பொறுப்பாளருக்கு. ஒரு மாதம் கழித்து, சொல்லாமல், அதே பட்டியலோடு திரும்பப் போங்கள்.

மாறவில்லை என்றால் நாகர்கோவில் கலெக்டரேட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுங்கள். அடி, சூடு, கட்டிப்போடுவது, தப்பான தொடுகை என்றால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போலீஸுக்குப் போங்கள். அதே 2016 சட்டத்தின் 7-ஆவது பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று இல்லை. அந்த நடுவர், நாகர்கோவில் கோட்டத்தில் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்), பத்மநாபபுரம் கோட்டத்தில் சப்-கலெக்டர். மனுவில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலம் என்றால் பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். என்னுடைய முதல் மனு தக்கலை பஸ் ஸ்டாண்டிலேயே நனைந்து மை கரைந்து போனது.