காசநோய்க்கு மூலிகையில் மருந்து தேடப் போகிறீர்களா?

பழைய நூல்களில் இருமல், ஈளை, சயம் என்று எங்கெல்லாம் வருகிறதோ அந்தச் செடிகளை எல்லாம் பறித்து வந்து கிருமி மேல் ஊற்றிப் பார்ப்பதுதான் பலரும் தொடங்கும் வழி. அதைச் செய்யாதீர்கள். இருமலைத் தணிப்பது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. ஆடாதோடையில் இருக்கும் வாசிசினை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கியே வந்தது. மிளகின் பைப்பரின் கதை இன்னும் சுவாரசியம்: காசநோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் ரத்தத்தில் அதிகம் சேர அது உதவுகிறது என்பதால், வழக்கமான 450 மி.கி.க்குப் பதில் 200 மி.கி. ரிஃபாம்பிசினோடு 10 மி.கி. பைப்பரின் சேர்த்த மாத்திரையே இந்தியாவில் வந்திருக்கிறது. மிளகு சேர்ந்த திரிகடுகத்தை எதற்கெடுத்தாலும் சேர்க்கிறார்களே என்று இனி அலுத்துக்கொள்ள வேண்டாம்.

அதனால் சித்த வைத்தியரிடம் போனால் "இது காசத்துக்கு நல்லதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சளி இளகுகிறதா, மாலைக் காய்ச்சல் குறைகிறதா, எடை ஏறுகிறதா, எந்தப் பாகம், எந்தப் பருவத்தில், எதோடு சேர்த்து என்று துருவிக் கேளுங்கள்.

செடியை நாட்டு மருந்துக் கடையில் வாங்காமல் நீங்களே சேகரியுங்கள். பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தித் தாவரவியலாளரிடம் காட்டி, உலர்த்திய செடி மாதிரிகளைச் சேமித்து வைக்கும் உலர்தாவரகத்தில் எண் வாங்கி வையுங்கள். காப்புரிமை, வெளிநாட்டுக் கூட்டாளி என்ற பேச்சு வந்தால் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

நிழலில் உலர்த்திப் பொடித்த பிறகு, தண்ணீரில் காய்ச்சும் கஷாயம் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கிருமியின் சுவர் மைக்கோலிக் அமிலத்தால் ஆன மெழுகுக் கோட்டை, அதனால் ஹெக்சேன், எத்தனால் போன்ற கரைப்பான்களில் சாறுகளையும் தனித்தனியே எடுங்கள்.

சோதனைக்கு முதலில் ஸ்மெக்மாடிஸ் என்ற வேகமாக வளரும் உறவுக்காரக் கிருமியில் பழகலாம், ஆனால் அதில் வந்த முடிவை நம்பிவிடக் கூடாது. எச்37ஆர்வி என்ற, ஆய்வகங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் காசநோய்க் கிருமி ரகத்தைக் கையாள மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், கல்லூரி மேசையில் ஆகிற காரியம் அல்ல. கிருமி இரட்டிப்பாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், பொறுமை தேவை. சோதனைத் தட்டின் குழிகளில் கிருமியோடு சாற்றை வைத்துப் பிறகு சேர்க்கும் ரெசாசூரின் சாயம் நீலமாகவே நின்றால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பானால் கிருமி உயிரோடு இருக்கிறது. சரி, இங்கேதான் பலரும் ஏமாறுவது: சில சாறுகள் கிருமியே இல்லாமலும் சாயத்தை நிறம் மாற்றிவிடும். ஆகவே சாறு மட்டும் உள்ள குழி, கரைப்பான் மட்டும் உள்ள குழி, ரிஃபாம்பிசின் குழி மூன்றும் இல்லாத தட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அப்புறம், நல்ல முடிவு வந்தால் உடனே கொண்டாட வேண்டாம். துவர்ப்புச் சுவை தரும் டானின்கள் எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் மருந்து போலத் தோன்றி ஏமாற்றும். லினோலெயிக் போன்ற சாதாரணக் கொழுப்பு அமிலமே இந்தக் கிருமியை அடக்கும். அதனால் சாற்றில் ஏற்கெனவே தெரிந்த பொருள் எது என்று நிறைமாலை ஆய்வில் (மூலக்கூறுகளின் நிறையை அளந்து அடையாளம் காணும் முறை) பார்த்துக் கழியுங்கள், அதே வாரம் பாலூட்டி உயிரணுக்களிலும் நச்சுத்தன்மை பாருங்கள். உயிரணுவைக் கொல்லும் அளவு கிருமியைத் தடுக்கும் அளவைப் போல் பத்து மடங்காவது இல்லாவிட்டால் அந்தச் செடியை விட்டுவிடலாம்.

இதற்கிடையே தெரிந்தவர் யாராவது "அந்தச் சாற்றைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள், அதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோய் வரக்கூடும்.

இத்தனையும் தாண்டிய சாற்றை மருந்து எதிர்ப்புள்ள ரகங்களில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்றால்தான் கிலோ கணக்கில் இலை பறிக்கப் போக வேண்டும்.