‘ஹங்கர்’ படத்தை எப்படிப் பார்ப்பது

பிரிட்டிஷ் அரசை எதிர்த்துச் சிறையில் உண்ணாவிரதம் இருந்து 1981-இல் இறந்த பாபி சாண்ட்ஸ் என்ற ஐரிஷ் கைதியைப் பற்றியது, 2008-இல் வந்த ‘ஹங்கர்’ படம். அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டதாகச் சொல்பவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டுதான் வரும். யார், எதற்காக இப்படி அடி வாங்குகிறார்கள் என்றே புரியவில்லை; அப்புறம், குமட்டுகிறது, பார்க்க முடியவில்லை. முதல் பிரச்சினைக்கு அரை மணி நேரம் வரலாறு படித்தால் போதும். இரண்டாவது படத்தின் குறை இல்லை. அந்தச் சிறையில் நடந்ததைப் பார்க்கச் சகிக்கிற மாதிரி எடுத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். அதனால் மனதைத் தயார்படுத்திக்கொண்டு உட்காருங்கள்.

இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன் (பழைய ஹாலிவுட் நடிகர் இல்லை, இவர் லண்டன்காரர், காட்சிக் கலைஞராக டர்னர் பரிசு வாங்கியவர்). இது அவருடைய முதல் முழுநீளப் படம், கான் விழாவில் அறிமுக இயக்குநருக்கான கேமரா டோர் விருது பெற்றது. ஒன்றரை மணி நேரம்தான் ஓடும். தொடக்கத்தில் வரும் சில வரி எழுத்தைத் தவிர, கதைச்சுருக்கம், பின்னணிக் குரல் என்று பெரிய கைத்தாங்கல் எதுவும் தராது. அதனால் பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இடம் வட அயர்லாந்து. பெல்ஃபாஸ்ட் பக்கத்தில் இருந்த மேஸ் சிறை (2000-இல் மூடிவிட்டார்கள்), பழைய பெயர் லாங் கெஷ். ஒவ்வொரு கட்டடமும் மேலிருந்து பார்த்தால் ‘எச்’ எழுத்து வடிவில் இருந்ததால் எச்-பிளாக் என்பார்கள். 1972-இல் ஓர் உண்ணாவிரதத்துக்குப் பிறகு ஐ.ஆர்.ஏ. (வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்கப் போராடிய ஐரிஷ் குடியரசுப் படை) போன்ற ஆயுதக் குழுக்களின் கைதிகளுக்குப் பிரிட்டிஷ் அரசு தனி அந்தஸ்து கொடுத்தது. சொந்த உடை, சிறை வேலை கிடையாது, தங்களுக்குள் கூடிப் பேசலாம். 1976 மார்ச் 1-க்குப் பிறகு செய்த குற்றங்களுக்கு அந்த அந்தஸ்து இல்லை, இனி நீங்களும் சாதாரணக் குற்றவாளிகள்தான் என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கீரன் நியூஜென்ட் என்ற இளைஞர் கைதி உடையைப் போட மறுத்து, போர்வையை மட்டும் சுற்றிக்கொண்டு அறைக்குள் இருந்தார். போர்வைப் போராட்டம் அப்படித்தான் தொடங்கியது. 1978-இல் அது குளிக்காமல், அறையைவிட்டு வெளியே வராமல், மலத்தைச் சுவரில் பூசும் போராட்டமாக மாறியது. படம் உங்களைத் தள்ளிவிடுவது நேராக இந்த அறைக்குள்தான்.

கோரிக்கைகள் ஐந்து. கைதி உடை வேண்டாம். சிறை வேலை வேண்டாம். மற்ற கைதிகளோடு கூடிப் பழகவும் படிக்கவும் உரிமை வேண்டும். வாரம் ஒரு சந்திப்பு, ஒரு கடிதம், ஒரு பார்சல். போராட்டத்தால் இழந்த தண்டனைக் குறைப்பைத் திருப்பித் தர வேண்டும். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு சட்டைக்காகவா என்று தோன்றும் இடத்தில் தாளைப் பாருங்கள். அந்தச் சட்டையைப் போட்டால் நாங்கள் செய்தது அரசியல் இல்லை, வெறும் குற்றம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் பக்கம். குற்றம் குற்றம்தான், அதில் அரசியல் இல்லை என்பது அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் பக்கம். படத்தில் தாட்சரின் குரல் மட்டும் கேட்கும், முகம் வராது.

சரி, இனி பார்க்கும் விதம். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம், குழந்தைகளோடும் வேண்டாம். பெல்ஃபாஸ்ட் உச்சரிப்பு நம் காதுக்கு எளிதில் பிடிபடாது என்பதால் சப்டைட்டில் கட்டாயம். ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கலவரத் தடுப்புப் போலீசார் கேடயத்தில் லத்தியைத் தட்டும் சத்தத்தை வயிற்றில் உணர வேண்டும். நோயில் உடல் உருகிப்போன ஒருவரைச் சமீபத்தில் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் உள்ளவர்கள், கடைசி அரை மணி நேரத்தைத் தவிர்த்துவிடலாம், அல்லது படத்தையே தள்ளிப்போடலாம். அதில் தவறே இல்லை.

படம் தொடங்கியதும் பாபி சாண்ட்ஸைத் தேடாதீர்கள். அவர் வர நேரமாகும். முதலில் நீங்கள் பார்ப்பது ரேமண்ட் லோகன் என்ற சிறைக்காவலரை, அதாவது அடிக்கிற ஆளை. காயம்பட்ட விரல் முட்டிகளைத் தண்ணீரில் அமிழ்த்துகிறார். காலை உணவு சாப்பிடுகிறார், மடியில் விரித்த துணியில் ரொட்டித்துகள் விழுகிறது. வெளியே போய்க் காருக்கு அடியில் குனிந்து குண்டு இருக்கிறதா என்று பார்க்கிறார், மனைவி சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்தப் பாத்திரம் கற்பனை, ஆனால் பயம் கற்பனை இல்லை. அந்த ஆண்டுகளில் சிறைக்காவலர்கள் பலர் உண்மையிலேயே கொல்லப்பட்டார்கள். லோகன் எங்கே வந்தாலும் அவரைக் கவனியுங்கள், கைதிகள் பக்கம் மட்டும் பார்த்தால் பாதிப் படம் போய்விடும். அதேபோல, கைதிகளை வரிசையாக அடிக்கும் காட்சியில் சுவருக்கு மறுபக்கம் ஒதுங்கி நின்று அழும் இளம் போலீஸ்காரரையும் தவறவிடாதீர்கள்.

நடுவில் வரும் உரையாடல்தான் படத்தின் இதயம். சாண்ட்ஸும் (மைக்கேல் ஃபாஸ்பெண்டர்) பாதிரியார் மோரனும் (லியாம் கன்னிங்ஹாம்) ஒரு மேசைக்கு இருபுறம் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேமரா பதினேழு நிமிடம்போல அசையாது, வெட்டும் கிடையாது. முதலில் சிகரெட், கிண்டல், ஊர்க்கதை என்று போகும், அசட்டையாக விட்டுவிடாதீர்கள், அங்கேதான் இருவரும் ஒருவரையொருவர் எடை போடுகிறார்கள். இந்த வாதம் புரிய ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1980 அக்டோபரில் ஏழு பேர் ஒரே நாளில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். 53-ஆம் நாள் ஷான் மக்கென்னா சாகும் நிலைக்குப் போனபோது, உடன்பாடு வருகிறது என்ற நம்பிக்கையில் போராட்டம் கைவிடப்பட்டது, ஆனால் கேட்டது கிடைக்கவில்லை. அதனால்தான் படம் காட்டும் 1981 உண்ணாவிரதத்தை ஒவ்வொருவராக, பல நாள் இடைவெளி விட்டுத் தொடங்குகிறார்கள். ஒருவர் இறந்தால் அந்த இடத்துக்கு இன்னொருவர். சாண்ட்ஸ் இதைச் சொல்லும்போது பாதிரியார் ஏன் அப்படி அதிர்கிறார் என்பது அப்போது விளங்கும். இது தற்கொலையா, கொலையா, தியாகமா என்ற கேள்விக்குப் படம் தீர்ப்பு சொல்லாது. நீங்களும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

கடைசிப் பகுதியில் பேச்சு கிட்டத்தட்ட நின்றுவிடும். 1981 மார்ச் 1 முதல் மே 5 வரை 66 நாட்கள், தண்ணீரும் உப்பும் மட்டும். இறக்கும்போது சாண்ட்ஸுக்கு வயது 27. புண்ணில் துணி பட்டாலும் வலிக்கும் என்பதால் போர்வை உடம்பைத் தொடாதபடி கட்டிலில் ஒரு சட்டத்தைப் பொருத்துவார்கள், அதைப் பாருங்கள். ஃபாஸ்பெண்டர் உண்மையிலேயே மருத்துவக் கண்காணிப்பில் எடை குறைத்தார், படப்பிடிப்பை அதற்காக நிறுத்தி வைத்தார்கள். ஆனால் எத்தனை கிலோ குறைத்தார் என்று கணக்குப் பார்க்கிற மனநிலையில் இந்தப் பகுதியைப் பார்த்தால் வீண்.

படம் முடிந்ததும் எழுத்து ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். அப்புறம் படம் உள்ளே கொண்டுவராமல் விட்டதைத் தேடிப் படியுங்கள். முக்கியமாக, பட்டினி கிடந்தபடியே சாண்ட்ஸ் ஏப்ரல் 9 இடைத்தேர்தலில் 30,493 வாக்கு வாங்கி பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனது. அதற்குப் பிறகு அரசு சட்டத்தையே மாற்றி, ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்ற கைதிகள் போட்டியிட முடியாமல் செய்தது. மொத்தம் பத்துப் பேர் இறந்தார்கள். மீதிப் பேர் நினைவிழந்தபோது குடும்பத்தார், குறிப்பாக அம்மாக்கள், சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அக்டோபர் 3-இல் போராட்டம் முடிந்தது. சில நாட்களில் சொந்த உடை அணிய அனுமதி வந்தது. ஐந்து கோரிக்கைகளில் முதலாவது!

இந்தியாவோடு இதற்கு ஒரு தொடர்பும் உண்டு. 1920-இல் அயர்லாந்தின் கார்க் நகர மேயர் டெரன்ஸ் மெக்ஸ்வினி லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் பட்டினி கிடந்து இறந்தார். 1929-இல் லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து இறந்த, பகத் சிங்கின் தோழர் ஜதின் தாஸை அன்றைக்கு மெக்ஸ்வினியோடு ஒப்பிட்டுத்தான் பேசினார்கள். பகத் சிங்கும் தோழர்களும் அப்போது கேட்டதில் உணவு, புத்தகம், பத்திரிகையோடு உடையும் இருந்தது. உங்கள் தாளுக்குப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி பார்ப்பதானால் முழுப் படம் தேவையில்லை, மேசை உரையாடலை மட்டும் போட்டால் போதும். முதல் தடவை சாண்ட்ஸையே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். இந்த முறை, பாதிரியார் எந்த இடத்தில் வாதிடுவதை நிறுத்துகிறார் என்று பாருங்கள்.