புக்கிட் தீமா பழைய ரயில் நிலையம்: வடக்கிலிருந்து நடந்து போங்கள்

சிங்கப்பூரில் புக்கிட் தீமா ரயில் நிலையத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி, சில நிமிடம் நடந்து, பெயர்ப்பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கால்வாயையும் இரும்புப் பாலத்தையும் விட்டுவிட்டால் அந்த நிலையம் ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம்தான். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நான் அப்படிக் கூட்டிப் போவதில்லை. மலேசியாவிலிருந்து ரயில் வந்த மாதிரியே வடக்கிலிருந்து, இப்போது நடைபாதையாகிவிட்ட பழைய ரயில் தடத்தில் நடக்க வைப்பேன்.

டவுன்டவுன் தடத்தில் ஹில்வியூவில் இறங்குங்கள். அங்கிருந்து நிலையம் வரை சுமார் 4 கிலோமீட்டர். சின்னப் பிள்ளைகளோ முட்டிவலிக்காரர்களோ கூட வந்தால் 2025இல் திறந்த ஹியூம் நிலையத்தில் இறங்கினால் தூரம் குறையும். பாதை சமதளம், கட்டணம் கிடையாது. காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது. பிற்பகலில் இடி மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடம் குறைவு. தண்ணீரைப் பைக்குள் வையுங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். இடப்பக்கம் புக்கிட் தீமா இயற்கை வனம். அங்கே இருக்கும் குரங்குகளுக்குப் பை என்றாலே சாப்பாடு.

ரயில் மால் என்ற கடைவரிசைப் பக்கத்தில் முதல் இரும்புப் பாலம் வரும். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்த ஃபோர்டு தொழிற்சாலையும் அருகில்தான். அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாலம்தான் முக்கியம். ஓரமாக நின்று கீழே பாருங்கள். ஒரு பக்கம் புக்கிட் தீமா சாலை, மறுபக்கம் டனர்ன் சாலை, நடுவில் கால்வாய். சாதாரண நாளில் அடியில் ஒல்லியாக ஓடும் தண்ணீர், பெருமழை பெய்தால் மளமளவென்று ஏறிவிடும். இந்தப் பகுதி வெள்ளத்துக்குப் பேர்போனது. 1969 வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரின் ஒரு பகுதியை உலு பாண்டான் பக்கம் திருப்பிவிடத் தனிக் கால்வாயே வெட்டினார்கள். மீதித் தண்ணீர் ரோச்சோர் கால்வாயாகி, லிட்டில் இந்தியா வட்டாரத்தில் இருக்கும் தேக்காவைத் தாண்டிப் போகிறது.

இந்த ரயில் முதலில் இப்படி மேலே ஓடவில்லை. 1903இல் திறந்த பழைய பாதை, தண்டாயுதபாணி கோவில் இருக்கும் டேங்க் ரோட்டிலிருந்து நியூட்டன் வழியாக வந்தது. வழியெல்லாம் ரயில்வே கேட். 1932இல் தஞ்சோங் பகார் வரை புதுப்பாதை போட்டபோது சாலையும் ரயிலும் மோதிக்கொள்ளாதபடி பாலங்களைக் கட்டினார்கள். இப்போது பார்க்கிற நிலையமும் அந்த வருடத்தது.

பாலத்தைத் தாண்டியதும் நிலையம் வந்துவிடும். முதலில் தண்டவாளத்தைப் பாருங்கள். மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர். 2011இல் மற்ற இடங்களில் பெயர்த்து எடுத்தவர்கள் பாலங்களிலும் இங்கேயும் விட்டுவைத்தார்கள். ஒற்றைத் தடமாக வந்த பாதை இங்கே பிரிந்து, எதிரெதிரே வரும் ரயில்கள் ஒதுங்கிக்கொள்ள இடம் கொடுத்தது. இந்த நிலையத்தின் முக்கிய வேலையே அதுதான். அனுமதி அடையாளமான டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. ஒரு பகுதிக்கு ஒரே டோக்கன் என்பதால் இரண்டு ரயில் நேருக்கு நேர் வர வழியில்லை. நிலைய ஊழியர் வளையத்தில் மாட்டி நீட்டுவார், டிரைவர் ஓடும் ரயிலிலிருந்தே கையை விட்டு வாங்கிக்கொள்வார். கடைசி ரயில் போன 2011 ஜூன் 30 வரைக்கும் இங்கே இதுதான் முறை. அன்றிரவு தஞ்சோங் பகாரிலிருந்து அந்த ரயிலை ஓட்டியவர் மலேசியாவின் ஜொகூர் மாநில சுல்தான்.

பழுதுபார்த்த கட்டடம் 2022இல் திறந்தது. உள்ளே சின்னக் காட்சிக்கூடம், ஊழியர் குடியிருப்பில் காப்பிக்கடை. காப்பி விலை எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் நடந்த களைப்புக்கு உட்காரலாம். சனி, ஞாயிறில் கல்யாண ஜோடிகள் படமெடுக்க வரிசை கட்டுவார்கள். வார நாளில் போங்கள்.

மலாயா ரயில்வேயில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் நிறையப் பேர் இருந்தார்கள். தண்டவாள வேலையில் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்கள் விட்டுப்போன தடம் பார்க்க ஆசையிருந்தால் அதே பாதையில் தெற்கே நடந்துகொண்டே போங்கள். காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோவில், 1930களில் ரயில்வே ஊழியர்கள் தண்டவாளத்தோரம் வைத்துக் கும்பிட்ட சாமியிலிருந்து வளர்ந்தது. அதற்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் நிழலும் குறைவு. முடியாது என்றால் கிங் ஆல்பர்ட் பார்க்கில் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்குங்கள், வண்டி மாற வேண்டாம். அப்புறம் தேக்காவில் சாப்பாடு.